கோயிலைக் கண்டால் ஹோர்ன்

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. 2009 வைகாசியில் ஒரு ஞாயிறு, எட்மண்டன் கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எமில்டா சொன்னது. "அண்ணை, இவர் நேற்றுச் செய்த வேலையைக் கேளுங்கோ." பக்கத்தில் அவர் கணவர் யாக்கோப்பு, மினிகாப் எனும் வாடகைக் கார் ஓட்டுபவர், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அந்தப் பட்டணத்தின் விடியலில் குதிரைகள் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு—

வேண்டாம். நான் அங்கே போனதில்லை. அங்குள்ள கல்லூரியில் குதிரை வளர்ப்புப் படிக்கும் அவர்கள் மகள் மரினா சொன்னதோடு நிற்கிறேன். ரொட்டி வாங்கும் பாண் கடை வரிசையில் மாணவர்கள் லாயத்துச் சேற்றுப் பூட்ஸோடு நிற்பார்களாம். ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லையாம். காலையில் குதிரைகள் தெருவைக் கடந்தால் பஸ்கூட எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்குமாம்.

3.

யாக்கோப்புக்கு அந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "ஆட்டுக்குட்டிக்குப் பயந்த பிள்ளை குதிரை கழுவப் போறாளாம்."

(எமில்டா: "சொல்லிப்போட்டு, பூட்ஸ் வாங்கிக் குடுத்ததும் இவர்தான்.")

போன கிழமை மரினா போன் எடுத்தாள். "அப்பா, சனிக்கிழமை வாங்கோ. மிஸ் என்னை முதல்தரம் தெருவில குதிரை ஓட விடுறா. இது சரிவந்தாத்தான் இனியும் விடுவினம்."

4.

போனார். தெருமுனையில் ஒரு கோயில். யாழ்ப்பாணத்தில் பயணிகள் வான் ஓட்டிய காலத்துப் பழக்கம் அவருக்கு: கோயிலைக் கண்டால் நெற்றியில் சிலுவை, ஹோர்னில் இரண்டு தட்டு.

தட்டினார்.

முன்னால் போன குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. அதன்மேல் மரினா.

(இங்கே அவள் விழுவதாக ஒருதரம் எழுதினேன். எமில்டாவின் முகம் நினைவுக்கு வந்தது, அழித்துவிட்டேன். உண்மையிலும் விழவில்லை.)

கழுத்தைத் தடவி, "சரி ராசா, சரி" என்றாள். குதிரை நின்றது. தெருவில் அத்தனை எஞ்சினும் ஓய்ந்திருந்தன. ஆசிரியை காரைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது: "யார் அந்த மடையன்? உனக்குத் தெரிந்தவனா?"

கார்க் கண்ணாடிக்குள்ளே யாக்கோப்பு முணுமுணுத்தார்: "தெரியாது எண்டு சொல்லு, பிள்ளை."

5.

எமில்டா இதோடு நிறுத்தி, "மிச்சத்தை இவரிட்டக் கேளுங்கோ" என்றார். அவரோ, "காரை எடுக்கோணும்" என்று நழுவிவிட்டார். அவர்களோடு பூசைக்கு வந்திருந்த மரினாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

'தெரியாது' என்று சொல்லவைத்தேன். அவள் படிப்புத் தப்பிப் பிழைத்தது, எனக்குத் தூக்கம் வரவில்லை. 'என்ர அப்பா' என்று சொல்லவைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஆசிரியையை என்ன பேசவைப்பதென்று தெரியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு நான் கண்ணால் கண்டது இதுதான்: மூவரும் காரில் ஏறிப் புறப்பட்டார்கள். கோயில் வாசலில் யாக்கோப்பின் கை ஹோர்னுக்குப் போய், தொடாமல் திரும்பியது. பின் ஆசனத்திலிருந்து மரினா எட்டிப் பார்த்தாள்.

"அடியுங்கோ அப்பா. இஞ்ச குதிரை இல்லை."