வலது கால்

…ஒரு கால் பதிந்தால் போதுமாம், இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம், சொல்வது யார், தன் ஒர்க்‌ஷாப் ஷட்டருக்குள்ளேயே குனிந்து நுழைகிற மெக்கானிக், அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவான், இந்த வண்டி மேல் உட்கார்ந்தால் அவன் முழங்கால் மடங்கிக்கொண்டு நிற்கும், எனக்கோ கட்டைவிரல் நுனிதான் தரையைத் தேடும், தேடிக்கொண்டே இருக்கும்… வண்டியா இது, எருமை, பெட்டி மாட்ட இரண்டு பக்கமும் கம்பி, முன்னால் காற்றுத் தடுப்பு, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் இன்னும் ஒரு ஆள் எடை கூடும், நாள் கணக்கில் ஊர் ஊராக ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்த வண்டி, அதிலும் நெட்டையானவர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்த வண்டி, குட்டையாகப் பிறந்தவர்கள் மலைப்பாதை பார்க்கக் கூடாதா என்ன? "அண்ணி, எறங்காதீங்க, அப்படியே உக்காருங்க, பாத்துக்கறேன்" என்கிறான் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு. எங்கே இறங்குவது, இறங்க நினைத்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட வேண்டும், அந்த சைடு ஸ்டாண்டு கதையை மட்டும் யாரும் இப்போது எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானே படுத்திக்கொள்கிறேன். முதலில் சீட்டைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பாஞ்சை நானே கத்தியால் சீவினேன், பின்னே, தையல் கடை வைத்திருக்கிறவளுக்கு சீட் உறை தைக்க இன்னொருவரா, என் வீட்டுக்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்த இடத்தை வெட்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன், அவர் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். அப்புறம் இவன் பின்பக்கத்தை இறக்கினான், முன்பக்கத்தையும் அதே அளவுக்கு இறக்கினான், பின்னால் மட்டும் இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வளைவில் சொன்ன பேச்சு கேட்காது என்றான், அடடா என்ன விவரம் என்று நானும் வாயைப் பிளந்தேன், வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன், தடால்! மதில் சுவரோரம் மல்லாந்து கிடக்கிறது. வண்டியை இறக்கிய மகானுபாவன் ஸ்டாண்டைக் குட்டையாக்கவில்லை, சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்றிருக்கிறது, ஒரு காற்று போதும் மறுபக்கம் விழ. அவனைத் திட்டி என்ன, எனக்கு எங்கே போயிற்று புத்தி, பேன்ட்டில் கால் நீளத்தைக் குறைத்தால் முழங்கால் அகலத்தையும் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணிப்பை மாதிரி நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான், ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட வேண்டும் என்பது துணிக்கு மட்டுமா… சரி, ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைத்தாயிற்று, தடித்த அடியுள்ள பூட்ஸ் வாங்கியாயிற்று, ஆள் ஏறினால் அமுங்காதபடி பின் ஸ்பிரிங்கை இறுக்கியாயிற்று, இப்போது இடது காலின் முன்பாதம் முழுசாகப் பதிகிறது, வலது கால் பிரேக்கில், இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி நின்றால் கல்லு மாதிரி நிற்கிறது, தனியாக ஓட்டும்போது நிற்கிறது, பாழாய்ப்போன வண்டி அவரை ஏற்றிக்கொண்டால் மட்டும் ஏன் என் பேச்சைக் கேட்பதில்லை?

அவரை ஏற்றாமல் ஓட்டுவதற்கு இந்த வண்டி எனக்கு எதற்கு, காய்கறி வாங்கவா? வண்டி அவருடையது, என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே இப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று படத்தை வெட்டிப் பீரோவுக்குள் ஒட்டிவைத்திருந்த மனிதர், வாங்கி ஓட்டி ஆசை தீர்வதற்குள் கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர், ஓரப் பார்வை போய்விட்டது, நேராகப் பார்த்தால் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி, இனிமேல் ஓட்டக் கூடாது, போனது திரும்பி வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம்… வீட்டுக்குள்ளேயே தோளில் அலமாரிக் கதவு இடிக்கிறது, "யாரு இதைத் தொறந்து வெச்சது" என்று கத்துகிறார், அவரே திறந்ததுதான். மகள் போனில் "அம்மா, வித்துட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்களேன், உன் உயரத்துக்கு இது தேவையா" என்றாள், உயரமாம், இவள் மட்டும் என்ன என்னைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டாளா? கல்யாணமான புதிதில் பழைய வண்டியில் போன அந்த மலைப்பாதையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும், குழாய் இன்னும் சுருங்குவதற்குள் பார்க்க வேண்டும், காரில் வேண்டாம், இதில்தான், என்று ஒரே ஒரு தடவை கேட்டார், கேட்டுவிட்டு உடனே "முடியலேன்னா விடு" என்றார். அந்த விடு-வில்தான் எனக்குப் பிடிவாதம் ஏறியது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். கிளம்ப வேண்டும்.

ஆனால் போன வாரம் பெட்ரோல் பங்கில், நின்ற வண்டி, ஓடிய வண்டிகூட இல்லை, சமதரை, இடது காலை ஊன்றி அழகாக நிறுத்துகிறேன், என்ன மாயமோ, வண்டி வலது பக்கம் போகிறது, வலது கால் பிரேக்கில் இருக்கிறது, எடுத்து ஊன்றினாலும் எட்டாது, ஐயோ ஐயோ என்று ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் இந்த எடை என் பேச்சையா கேட்கும், இரண்டு பேரும் சரிந்தோம், அவர் முழங்கை சிராய்த்தது, என் மானம் அதைவிடச் சிராய்த்தது. ஓடிவந்து தூக்கிவிட்டவர்களுக்கு ஆளுக்கொரு புத்திமதி, அதிலும் ஒருவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, "ஏன் சார், இவ்ளோ வாட்டசாட்டமா இருக்கீங்க, நீங்க ஓட்டாம அவங்ககிட்ட குடுத்திருக்கீங்க?" என்றார். இவர் சிரித்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்தார். எனக்கு அந்த ஆள் மேல் வந்ததைவிட இவர் சிரிப்பு மேல்தான் கோபம் வந்தது, சொன்னால் என்ன, சொல்லித் தொலைத்தால் என்ன, என் குட்டைக்கால் மேல் எல்லாப் பழியும் விழட்டும் என்றா?

அதனால்தான் இன்று இரண்டு பேரையும் ஏற்றி உட்காரவைத்துப் பார்க்கிறான் இவன். "அண்ணே, நீங்களும் ஏறுங்க, அண்ணி, இப்ப சிக்னல்ல நிக்கற மாதிரி நினைச்சுக்குங்க, ஓட்டிட்டு வர்றீங்க… பிரேக்… நிக்கறீங்க." நான் இடுப்பை நகர்த்தி இடது காலை ஊன்றினேன். வண்டி வலது பக்கம் ஓர் இழுப்பு இழுத்தது, அவன் முன்சக்கரத்தைப் பிடித்திருந்ததால் பிழைத்தோம். அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, கால்." "எந்தக் கால்?" என்றார் இவர். "வலது கால், கீழே வெச்சிருக்கீங்க பாருங்க." "நானா?" குனிந்து பார்த்தார், அப்படியே பார்த்தால் தெரியாது, அந்தப் பக்கம் அவருக்குக் கிடையாதே, தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார், அவருடைய வலது பூட்ஸ் தரையில் சிமெண்டுத் தூண் மாதிரி ஊன்றியிருக்கிறது. "அட, ஆமா." மறுபடியும் செய்தோம், மறுபடியும் கால். "இப்பவும் வெச்சேனா?" மூன்றாம் முறையும். இவன் சிரித்துவிட்டான், "அண்ணே, உங்க காலைக் கயித்தாலதான் கட்டணும் போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாக நான் ஸ்பாஞ்சைச் சீவினேன், ஸ்பிரிங்கைத் திட்டினேன், பூட்ஸுக்குள் இன்னொரு அட்டையை வைத்தேன், ராத்திரியெல்லாம் என் காலை நானே நொந்துகொண்டேன், கடைசியில் பார்த்தால் நான் இடது பக்கம் எடையை வாங்க, இந்த மனிதர் பின்னாலிருந்து வலது பக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறார்! "என்னை நம்பலையா நீங்க?" என்று கேட்டேவிட்டேன், அவன் முன்னாலேயே. "நம்பாமயா பின்னாடி உக்காந்திருக்கேன்?" என்றார். "அப்ப காலு?" தலையை முழுசாகத் திருப்பி மறுபடியும் அந்தக் காலைப் பார்த்தார். "நான் வேணா வலது காலை ஊன்றப் பழகிக்கட்டுமா?" என்று இவனிடம் கேட்டேன். "வேணாம் அண்ணி, மேட்டுல நிக்கும்போது பிரேக்குல கால் இல்லேன்னா வண்டி பின்னாடி உருளும், மலையில அதுதான் ஆபத்து. அண்ணே, நீங்கதான் காலைத் தூக்கி வெச்சுக்கணும், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா வண்டி யார் பேச்சைத்தான் கேக்கும்?" "சரிப்பா" என்றார் இவர், மிகவும் மெதுவாக, "வெக்கமாட்டேன்."

இப்போது வீட்டுக்குப் போகிறோம், வெயில் இறங்கிவிட்டது, ரோட்டில் அவ்வளவு கூட்டமில்லை, வண்டி ஓடும்போது தங்கமான வண்டி, ஓடும்போது யாருடைய காலும் தேவையில்லை, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, வேகத்தடையில் மட்டும் மெல்ல ஏறு, அடி தட்டும், வளைவில் ரொம்பச் சாய்க்காதே, இறக்கிய வண்டி உரசும், அவன் சொன்னதையெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன், ஆனால் அடியில் கொதித்துக்கொண்டே இருக்கிறது… நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான், வாயால் நம்புகிறார், காலால் நம்பவில்லை, இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, நான் ஒரு சிக்னலில் வண்டியைப் பிடித்து நிற்பேன் என்று நம்ப முடியவில்லை. பின்னாலிருந்து, "ஸ்பிரிங்கை நல்லா இறுக்கிட்டான் போல" என்றார். "ம்" என்றேன். "ரெண்டாவது சிக்னல் தாண்டி பள்ளம் ஒண்ணு இருக்கும்." "தெரியும்." "சொன்னேன்."

முதல் சிக்னல். சிவப்பு. வேகத்தைக் குறை, ஹேண்டில் நேராக இருக்கட்டும், முன் பிரேக்கை விடு, பின் பிரேக், இடுப்பு இடது பக்கம், கால்… பதிந்தது. நின்றது. வலது பக்க இழுப்பு இல்லை! மொத்த எடையும், வண்டி, பெட்ரோல், அவர், நான், எல்லாம் என் இடது தொடையில் வந்து உட்கார்ந்தது, தொடை நடுங்கியது, ஆனால் நின்றது, பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த பெண் என்னையும் பின்னால் உயர்ந்து தெரியும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பார் தாயே, நன்றாகப் பார், கால் எட்டாதவள் நிறுத்தியிருக்கிறேன். சபாஷ் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போகட்டும்.

இரண்டாவது சிக்னல், அதே மாதிரி நிறுத்துகிறேன், இடுப்பு, பிரேக், கால், அப்போதுதான் அது… வண்டி வலது பக்கம் ஓர் இழை சாய்ந்தது, சாய்ந்து உடனே நிமிர்ந்தது. காற்று இல்லை, பள்ளம் இல்லை. இறங்கப் போன அவர் கால் பாதி வழியில் நினைவு வந்து மேலே ஏறியிருக்கிறது. இடுப்பெலும்பில் எனக்குத் தெரிந்தது, அவருக்கு நான் அறிந்தது தெரியாது. பழக்கம்தான், வேறென்ன… இல்லை, இரு, என்ன பழக்கம் அது? வலது கால். அவர் ஓட்டிய காலமெல்லாம் ஊன்றியது வலது காலைத்தான், இடது காலைக் கியரிலேயே வைத்துக்கொண்டு வலது காலை எட்டிப் போட்டு நிற்பார், பின்னால் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அந்தத் தொடை விறைப்பதைப் பார்த்துத்தான் வண்டி நிற்கப் போகிறது என்று நானே தெரிந்துகொள்வேன்… அப்படியென்றால் ஒவ்வொரு சிக்னலிலும் இவர் என்னைத் தாங்கவில்லை, எனக்காகக் கால் வைக்கவே இல்லை, அவர் வண்டியை அவர் நிறுத்திக்கொண்டிருந்தார். சீட்டில் அவர் குழியை வெட்டிப் போட்டேன், உயரத்தை இறக்கினேன், ஸ்டாண்டைக்கூட வெட்டிக் குட்டையாக்கினேன், மிச்சமிருந்தது இந்த ஒரு கால், அதையும் இன்று நாலு பேர் நடமாடுகிற ஒர்க்‌ஷாப்பில் வைத்து என்னை நம்பலையா என்று கேட்டுத் தூக்கி வைக்கச் சொன்னேன். கீழே வைத்தால் விழுவோம், அது நிஜம். நான் சொன்னது சரி, மெக்கானிக் சொன்னது சரி, மலையில் அந்தக் கால் கீழே வந்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், எல்லாம் சரி, எல்லாம் சரி, சரியாக இருப்பது இப்படியா கனக்கும்? ஏங்க என்று கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிட்டு என்ன சொல்லுவேன், காலைக் கீழேயே வெச்சுக்குங்க என்றா? "பச்சை விழுந்துடுச்சு" என்றார் பின்னாலிருந்து, நேராக இருப்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எங்களுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மொத்த எடையும் என் இடது காலில் இருந்தது, அதை எடுத்து மேலே வைக்க வேண்டும், நான் இன்னும் எடுக்கவில்லை.