அளக்காத சந்துக்குப் பச்சை

எங்கள் மேனேஜர் சுந்தரமூர்த்திக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். கவரேஜ் மேப் என்றால் அவருக்குப் பட்டுப்புடவை மாதிரி இருக்க வேண்டும். செல்போன் சிக்னல் பலமான இடம் கரும்பச்சை. அது மெல்ல இளம்பச்சையாகி, மஞ்சளாகி, சிக்னல் செத்த இடத்தில் சிவப்பு. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. நடுவில் ஓட்டை விழவே கூடாது. தொம்மலூர் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு வருடமாக அவருக்கு அப்படித்தான் நெய்துகொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் காந்தா வந்து என் மானத்தைக் கப்பலேற்றினார்.

அவர் ஸ்ரீராம்புரத்தில் துப்புரவுப் பணியாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீருடையைக்கூட மாற்றாமல், ஏழு புகார் எண்கள் எழுதிய காகிதத்தோடு வந்திருந்தார். செல்போன் கம்பெனியின் கடையில் இவரைச் சமாளிக்க முடியாமல், மேப் போட்டுத் தருகிற எங்கள் முகவரியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"ஏழு தடவ கம்ப்ளைண்ட் குடுத்தேன் மேடம். ஏழு தடவையும் ‘உங்க ஏரியாவுல சிக்னல் நல்லா இருக்கு’ன்னு மெசேஜ் வருது. அந்த மெசேஜும் நான் மெயின் ரோட்டுக்கு வந்தாதான் வருது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எம் பொண்ணு ரக்ஷிதாவுக்கு எட்டு மாசம். தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. விடிஞ்சதும் நான் வண்டி தள்ளப் போயிட்டா வீட்ல அவ ஒண்டியா இருக்கா. போன மாசம் வழுக்கி விழுந்து எனக்குப் பதினொரு தடவ போன் போட்டிருக்கா. ஒண்ணுகூட வரல. நான்பாட்டுக்கு நாலு சந்து தள்ளிக் குப்ப வாங்கிட்டிருக்கேன். அன்னிக்கு சாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. வலி வர்ற அன்னிக்கு என்ன பண்றது? சொல்லுங்க."

ஸ்ரீராம்புரத்தைத் திரையில் திறந்து காட்டினேன். அவர் சந்து, பக்கத்துச் சந்து, எல்லாமே நல்ல பச்சை.

"இந்தப் பச்சைய யார் அடிச்சது?"

"நான்தான்."

"எங்க சந்துக்கு எப்ப வந்தீங்க?"

கோபம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். சூடானது. யார் மேல் கோபம் என்று புரியத்தான் கொஞ்ச நேரம் ஆனது. அங்கே யாரும் போகவே இல்லை. சிக்னலை அளக்கக் காரில்தான் போவார்கள். அந்தச் சந்துகளில் கார் நுழையாது. இந்தப் பக்க மெயின் ரோடு பச்சை, அந்தப் பக்க மெயின் ரோடு பச்சை. நடுவில் இருப்பதைத் தோசைக்கல்லில் மாவை இழுத்துவிடுவது போல சாஃப்ட்வேர் பச்சையாக இழுத்துவிடும். இழுக்கச் சொன்னது நான். அந்த ஏழு மெசேஜும் என் பச்சையைப் பார்த்துவிட்டுப் போனவை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த இழுப்பை நிறுத்தினேன். அளந்த இடங்கள் மட்டும் புள்ளிகளாக நின்றன. இரண்டு சாலைகள் பச்சை. நடுவில் ஸ்ரீராம்புரம் மொத்தமும் வெள்ளை.

சுந்தரமூர்த்தி எட்டிப்பார்த்தார். "என்ன தாரணி, புடவைய எலி கடிச்சு வெச்சிருக்கு?"

"இங்க நாம அளக்கவே இல்ல சார்."

"சரி, அளந்து காட்டு. டவர்ல கை வைக்கணும்னா கம்பெனிக்காரங்க பத்து நாள் டேட்டா கேப்பாங்க. ஒரு நாள் நடந்துட்டு வந்து புலம்பினா ஒத்துக்க மாட்டாங்க. அத்தனை சந்துலயும் தினம் யாரும்மா நடப்பா?"

காந்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேற என்ன பண்றேன்? தினம் நாப்பத்திரெண்டு சந்து. வாசல் வாசலா நிக்கிறேன்."

சிக்னலை அளக்கிற டெஸ்ட் போன் ஒன்றை இடுப்புப் பையில் போட்டுக் கொடுத்தோம். போகிற வழியெல்லாம் இரண்டு நொடிக்கு ஒரு புள்ளி. தினமும் காலையில் என் திரையில் காந்தாக்கா நடந்தார். ஏழரை மணிக்கு ஒரு வாசலில் மட்டும் புள்ளிகள் குவிந்துகிடந்தன. கருவியில் கோளாறோ என்று கேட்டேன். "அந்த வீட்டம்மா டீ குடுக்கும்" என்றார்.

பத்து நாள் முடிந்தது. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று சிவப்பு. டவர் ஆன்டெனா கூரைகளுக்கு மேலாக எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் குனிந்தால் போதும். சுந்தரமூர்த்தி அந்த மேப்பை வெகுநேரம் பார்த்தார். "அழகா இல்ல. அனுப்பு" என்றார். கம்பெனிக்காரர்களோடு மூன்று மீட்டிங்கில் சண்டை போட்டதும் அவர்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் ஆன்டெனாவை நான்கு டிகிரி குனிய வைத்தார்கள். பலன் தெரிய மறுபடி பத்து நாள் அளக்க வேண்டும். முதல் நாளே சந்துகள் இளம்பச்சையாயின. அக்கா வீடு மட்டும் மஞ்சளில் நின்றது. மஞ்சள் என்றால் பேசலாம், படம் பார்க்க முடியாது. அவருக்குப் பேசினால் போதும்.

ஐந்தாம் நாள் காலை ஏழு பன்னிரண்டுக்குப் பத்தொன்பதாவது சந்தில் புள்ளிகள் நின்றன. டீ வீடு இன்னும் வரவில்லை. திடீரென்று புள்ளிகள் வந்த வழியே திரும்பின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடைவெளி. அக்கா ஓடுகிறார்.

அவர் வீட்டில் ஒன்பது நிமிடம். பிறகு இடைவெளி இன்னும் பெரிதானது, ஆட்டோ. மல்லேஸ்வரம் பக்கம் போய் அரசு ஆஸ்பத்திரியில் நின்றது. நான் மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஆபீஸுக்கு வந்த சுந்தரமூர்த்தி, "டெஸ்ட் ஏரியா தாண்டிப் போயிருக்கே, என்ன இது?" என்றார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று எங்கள் இருவருக்கும் வேலை ஓடவில்லை. புள்ளிகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன.

மூன்றரை மணிக்கு போன் அடித்தது.

"பொண்ணு, தாரணிம்மா! ரெண்டே முக்கா கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவ ஒரே ஒரு தடவதான் போன் போட்டா, உடனே எடுத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உங்க போன் இன்னும் இடுப்புலயே இருக்கு. வண்டிய பத்தொன்பதாவது சந்துல அப்பிடியே போட்டுட்டு வந்துட்டேன். அதெல்லாம் மேப்புல தெரியுமா?"

"வண்டி தெரியாதுக்கா. நீங்க ஓடினது தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் அக்கா போனைக் குழந்தையிடம் நீட்டினார் போலிருக்கிறது. ஓர் இடத்திலும் விட்டுப்போகாமல் அழுகை கேட்டது. சுந்தரமூர்த்தி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.