பெரட்டுக்கு மூன்று பேராக வந்த தொரை

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்க வந்த பெரிய தொரை மூன்று பேராக வந்தார். மூவருக்கும் அதே மூக்கு, அதே தொந்தி. ஒருவரிடம் தொப்பி இருந்தது, ஒருவரிடம் ஜீப் சாவி, மூன்றாமவரிடம் மூக்குக்கண்ணாடி மட்டும். மழை வழக்கம்போலப் பெய்தது.

கொழுந்தெடுக்கும் கத்தரீனாளுக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது. லயத்து வீடுகளில் மாடு வளர்க்கக் கூடாது என்று சனிக்கிழமை சட்டம் போட்டவரும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அவள் மாட்டைப் பிடித்தவரும், திங்கட்கிழமை விசாரித்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னவரும் ஒரே தொரை. பேரப்பிள்ளைக்குப் பால் தரும் மாடு அது. வீடு போனால் வேலையும் போகும், மலையை விட்டே இறங்க வேண்டும். சட்டி பானையெல்லாம் ரோட்டில் நனைந்துகொண்டிருந்தன. யூனியன்காரர் அமிர்தநாதனோ துள்ளிக் குதித்தார். "மதினி, டெல்லியில இப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காக! சட்டம் போடுறது பார்லிமெண்டு, நடத்துறது மந்திரிமாரு, நியாயம் சொல்றது கோர்ட்டு. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கைவைக்கக் கூடாது. ஓடுங்க, நியாயம் சொல்ற கண்ணாடிக்காரருகிட்ட ஓடுங்க!" டெல்லியில் அந்த எமர்ஜென்சி வருஷம் அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை, சொன்னால் உள்ளே போட்டிருப்பார்கள்.

அவள் ஓடினாள். நான் இன்னும் விசாரிக்கவே இல்லையே, நேற்று விசாரித்தது மாட்டைப் பிடித்த ஆளே அல்லவா என்றார் கண்ணாடி தொரை. ஜீப் தொரை விடுவாரா? உன்னிடம் ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரித்து, அவள் பானையைத் தூக்கி வண்டியில் வைத்தார். வைத்ததும் விக்கல் பிடித்தது. அடேயப்பா, என்ன விக்கல்! மூவருக்கும் வயிறு மட்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரே தாளத்தில் விக்கினார்கள். குடம் தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. கடைசியில் ஜீப் தொரையே அவளைக் கண்ணாடி தொரை முன்னால் கொண்டுபோய் நிறுத்த, நின்றது. மாடு ஈஸ்டருக்கு வந்தது, சட்டம் போன சனிக்கிழமைதான் வந்தது, ஆகவே மாடும் வீடும் அவளுக்கே என்றார் கண்ணாடிக்காரர். களம் முழுக்க ஒரே விசில்! தொப்பி தொரைக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்கே வேறு சட்டம் போடுகிறேன் பார் என்று கத்தினார்.

"தாராளமாப் போடுங்க. நேத்துக்குப் போடாதீங்க" என்றார் கண்ணாடி தொரை.

ஜீப் தொரை முணுமுணுத்துக்கொண்டே பானைகளைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார். அடுத்த மாசம் கம்பெனியிலிருந்து வந்த ஆள், இதில் நிஜத் தொரை யார், மற்ற இருவரையும் கூட்டிப்போகிறேன் என்றார். கத்தரீனாள் பால் கறந்த கையோடு வந்து நின்றாள். "ஒருத்தரையும் கூட்டிட்டுப் போகாதீகய்யா. அவுக ஒருத்தரா இருந்தப்பத்தான் நான் தெருவுல நின்னேன்." வந்தவர் பங்களாவுக்கு இன்னும் இரண்டு கட்டில் வாங்கச் சொல்லிவிட்டு மலையிறங்கினார்.