தேனீப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்கள்

எமெபெத்திடம் இருபது வருஷமாக ஒரு கடிதம் இருந்தது. அதை அவள் வாசித்ததில்லை. வாசிக்க முடியவில்லை.

எழுதியவன் கிதானே. அடிஸ் அபாபாவில் அராத் கிலோ பக்கம் ஓர் அச்சகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. அவன் கணினியில் தட்டுவான், அவள் பிழை திருத்துவாள். அப்போது கையில் இருந்தது தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம். முதலாளி பக்கத்து நாட்டு அஸ்மாராக்காரர். கிதானேயின் அப்பாவுக்கும் பூர்வீகம் அஸ்மாராதான். எல்லையில் சண்டை மூண்ட அந்த வருஷம், அஸ்மாராக்காரர்களைப் பேருந்துகளில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளியையும் கிதானேயையும் ஒரே காலையில் கூட்டிப்போக ஆள் வந்தது. கொஞ்சம் வேலை பாக்கி என்று சொல்லி, கிதானே கால் மணி நேரம் கேட்டு வாங்கினான். மளமளவென்று தட்டினான். பிறகு பிளாப்பியை உருவி அவள் மேஜையில் வைத்தான்.

"தேனீப் புத்தகத்தோட மிச்சப் பக்கம். பாத்துடு," என்றான். வந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

அன்று மாலையே அச்சகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கணினிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு இடத்தில் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தாள். தேனீ வளர்ப்புக் கோப்புகளுக்கு நடுவே, அவள் பெயரிலேயே சின்னதாக ஒரு கோப்பு. திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் சதவீதக்குறியுமாக ஒரே குப்பை. அந்த அச்சகத்தின் அம்ஹாரிக் மொழிக் கணினி எழுத்து, முதலாளி தன் கையாலேயே செய்துகொண்டது. ஊரில் வேறெந்தக் கணினிக்கும் அது தெரியாது.

அந்தக் குப்பையை அவள் விடவில்லை. பிளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து பென் டிரைவுக்கு என்று காலத்துக்குத் தக்கபடி மாற்றி வைத்துக்கொண்டே வந்தாள். இரு நாட்டுக்கும் நடுவே தொலைபேசி கிடையாது, தபால் கிடையாது. அம்மா இரண்டு முறை மாப்பிள்ளை கொண்டுவந்தாள். எமெபெத் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் சலித்துப் போய்விட்டார்கள். எப்போதாவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் குறி தன் பெயராக இருக்கும் என்று தேடுவாள்.

இப்போது அவள் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் பழைய கோப்புகளையெல்லாம் புது எழுத்து முறைக்கு மாற்றினார்கள். அந்த வேலை ஹிருத்துடையது. எமெபெத்தின் வயதுதான், வாய் மட்டும் இரண்டு மடங்கு. அவளிடம் ஒரு கருவி இருந்தது. பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால், எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை வைத்து, பழைய கோப்பைத் தின்று புதுசாகக் கக்கும். ஒரு சனிக்கிழமை எமெபெத் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பென் டிரைவை நீட்டினாள்.

ஹிருத் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். "இது எந்த லோகத்து எழுத்துடி? இருக்கற அட்டவணை அத்தனையும் போட்டுட்டேன், ஒண்ணுக்கும் மசியல."

அப்போதுதான் எமெபெத் விஷயத்தைச் சொன்னாள், வாழ்க்கையில் முதல் முறையாக. ஹிருத் கேலி எதுவும் செய்யவில்லை. இதே எழுத்தில் தட்டி அச்சான தாள் ஏதாவது இருந்தால் நாமே அட்டவணை போட்டுவிடலாம் என்றாள். தாள் இருந்தது. தேனீப் புத்தகத்தின் முதல் நாற்பது பக்கம், கிதானே பார்த்துக் கொடுத்த பிறகு மறுபடி சரிபார்க்க எமெபெத் வீட்டுக்குக் கொண்டுபோனது, இன்னும் அலமாரியில்தான் கிடந்தது. அதே பக்கங்களின் கோப்பும் பென் டிரைவில் இருந்தது.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தார்கள். தாளில் இந்த எழுத்து, கோப்பில் இந்தக் குறி என்று ஒவ்வொன்றாக இணை சேர்த்தார்கள். இருநூறுக்கு மேல் எழுத்து. தாளின் ஓரமெல்லாம் எமெபெத்தின் சிவப்பு மை. ஓரிடத்தில் அதன் கீழே பென்சிலில், 'நீ சொன்னா சரி' என்று அவன் கிறுக்கியிருந்தான். அந்தப் பக்கம் வந்ததும் அவள் வேலை நின்றுபோனது.

"இன்னும் ஒரு சனிக்கிழமை போனா, நாம ரெண்டு பேரும் பெட்டி வச்சுத் தேன் எடுத்துடலாம்," என்று ஹிருத்தான் அவளைத் திரும்ப இழுத்தாள்.

அந்த வாரம்தான் இரு நாடும் சமாதானமாகி, அஸ்மாராவுக்குத் தொலைபேசி திறந்தது. தெருவில் நின்றபடியே ஆட்கள் பேசினார்கள், அழுதார்கள். எமெபெத்திடம் கூப்பிட ஒரு எண் இல்லை.

அட்டவணை முடிந்ததும் ஹிருத் கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் காபி வறுக்கப் போறேன். கடைசி என்டரை நீயே அழுத்து."

அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. அங்கங்கே அட்டவணையில் அகப்படாத எழுத்துக்குக் கேள்விக்குறி. மற்றதெல்லாம் தெளிவு.

'எமெபெத், பின்னாடி ஆள் நிக்கிறான். வேலை செய்யற மாதிரியே தட்டறேன். அறுபதாம் பக்கம் வரை முடிஞ்சுது. ராணித் தேனீ அத்தியாயத்துல நீ சொன்னபடியே மாத்திட்டேன். அஸ்மாராவுல அத்தை வீட்டு நம்பர் கீழே இருக்கு. எனக்காகக் காத்திருக்காதே. நேர்ல சொன்னா சண்டை போடுவே, அதான் எழுதறேன்.'

ஹிருத் காபியோடு வந்தபோது எமெபெத் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"என்னடி எழுதியிருக்கான்?"

"காத்திருக்காதேன்னு எழுதியிருக்கான்."

ஹிருத் கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கே படிச்சிருந்தா..."

"படிச்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள் எமெபெத். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. உடனே அழுகை வந்தது. ஹிருத் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்து, தோளில் போர்த்தியிருந்த வெள்ளை நெட்டலாவைக்கூட மடித்து வைக்காமல், அந்த எண்ணைக் கூப்பிட்டாள். இருபது வருஷத்தில் அது மாறியிருக்கவில்லை. அவனே எடுத்தான். அத்தை இறந்துவிட்டாளாம். அந்த வீட்டில்தான் குடும்பத்தோடு இருக்கிறானாம். மனைவி பள்ளியில் வேலை, இரண்டு பெண்கள். அவள் குரலைக் கேட்டதும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"அன்னிக்கு உனக்கு ஏதோ தட்டி வச்சேனே. என்னன்னு ஞாபகமே இல்ல எமெபெத். படிச்சியா?"

"நேத்துதான் படிச்சேன்."

அவன் நம்பவில்லை. படித்துக் காட்டச் சொன்னான். அவள் படித்தாள். பின்னால் நின்ற ஆள், அறுபதாம் பக்கம், ராணித் தேனீ, அத்தை வீட்டு எண். கடைசி வரிகளை விட்டுவிட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

அதற்குள் அங்கே ஒரு குழந்தை ஓடி வந்து எதையோ கேட்டு அடம்பிடித்தது. ஒரு நிமிஷம் இரு என்று இவளிடம் சொல்லிவிட்டு, குழந்தையிடம் அஸ்மாரா பக்கத்து மொழியான திக்ரின்யாவில் பேசினான். அச்சகத்தில் அவன் அந்த மொழியைப் பேசி அவள் கேட்டதே இல்லை. அதில் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது, தாழ்ந்து, அவசரமில்லாமல். ஒரு சொல்லும் புரியாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இணைப்பு அறுந்துபோகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.