காலி வண்டி

வெர்னா ஜீப்பின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தன. வாயில் டார்ச் லைட், கையில் ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு திருகுக்கும் கொஞ்சம் துரு அவள் நெற்றியில் உதிர்ந்தது. இருபது வருடத்துப் பழைய ஜீப். எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று கையோடு வந்துவிடுகிறது.

"அண்ணி, இன்னும் எவ்வளவு நேரம்? என் காபி ஆறிப் பச்சத்தண்ணி ஆயிருச்சு," என்று வெளியிலிருந்து ஓபல் கத்தினாள். ஓபல் அவள் நாத்தனார். மரக்கன்று நடும் வேலைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள்.

வெர்னா டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "குடிச்சா குடி, கொட்டினா கொட்டு. அந்தச் செவப்பு ஒயரை இப்படித் தள்ளு."

பேட்டரியிலிருந்து வந்த சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் எஞ்சினுக்குப் பின்னாலிருந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தன. அவற்றைப் பிடித்து இழுத்து, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள பழைய சாமான் கடையில் வாங்கிய சிபி ரேடியோவின் முதுகில் பொருத்தினாள். சின்ன விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

போன வருடம்வரை இந்தக் கவலை அவளுக்கு இல்லை. காண்டிராக்டர் கார்லண்டிடம் ஆட்களை ஏற்றிப் போக ஒரு பஸ் இருந்தது. அதில் நல்ல ரேடியோவும், கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கு ஆன்டெனாவும் இருந்தன. வெர்னாதான் ஓட்டுவாள். மழைக்காலம் தொடங்கும்போது பஸ்ஸை விற்றுவிட்டான். விற்கும் முன் ரேடியோவையும் ஆன்டெனாவையும் கழற்றித் தன் புது பிக்கப்பில் மாட்டிக்கொண்டான். 'இனிமே உன் ஜீப்ல கூட்டிட்டு வா, வெர்னா. ரேடியோ ஒண்ணு மாட்டிக்க. ரேடியோ இல்லாத வண்டியை மரம் வெட்டற கம்பெனிக்காரன் மலையடி கேட்டுக்குள்ள விட மாட்டான்' என்றான். மாட்டாவிட்டால் வேறு யாராவது வண்டி கொண்டுவருவார்கள். ஓரிகனின் அந்த மலைப்பக்கத்தில் மழைக்காலத்துக்கு வேறு வேலை கிடையாது. மரம் உருண்டு முதுகில் விழுந்ததிலிருந்து அவள் புருஷன் லொய்டுக்கு எழுந்து உட்காரவே இருவர் துணை வேண்டும்.

வேலை போய்விடுமோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அந்த மலைப்பாதை. கேட்டில் இந்தக் கெடுபிடி வருவதற்கு முன், போன குளிர்காலத்தில், ஃபாரிஸ் என்பவன் ரேடியோ இல்லாத பிக்கப்பில் மேலே போனான். ஏழாவது மைலில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தது. வெர்னாவின் பஸ் சற்று நேரம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தது. பாதையில் அவனுடைய சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்ததும், அதற்குள் ஒரு ரொட்டித்துண்டு நனையாமல் இருந்ததும் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே ஆன்டெனாவை மிகவும் கவனமாகத்தான் மாட்டினாள். ஜீப்பின் கூரை ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு தகர விளிம்பு இருக்கிறது. அதில் கவ்வுகிற பிடி அது. துருவேறிய தகரத்தை இரும்புத் திருகு கடித்தால் மழைக்கு இன்னும் இற்றுப்போகுமே என்று, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பைச் சுற்றி அதன்மேல் பிடியை முறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். உடும்புப் பிடியாக நின்றது.

ஓபல் பக்கத்து வீட்டுக்காரரின் லாரியில் ஏறி அங்கிருந்த ரேடியோவைப் போட்டாள். வெர்னா மைக்கை அழுத்தினாள். "ஓபல், கேக்குதா?"

"கணீர்னு கேக்குது அண்ணி! காதுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு!"

அன்றிரவு வெர்னா வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மூடுபனி. ஜீப்பில் அவளோடு சேர்த்து ஏழு பேர். கன்றுப் பைகளும் நடுகிற மண்வெட்டிகளும் பின்னால் குவிந்து கிடந்தன. பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். மைலுக்கு ஒரு பலகை. ஒவ்வொரு பலகையைத் தாண்டும்போதும் ஓட்டுகிறவர் ரேடியோவில் எண்ணைச் சொல்ல வேண்டும். மரம் ஏற்றி இறங்கி வருவது 'ஏத்து வண்டி'. ஏறிப் போவது 'காலி வண்டி'. உள்ளே ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும் மரம் இல்லையென்றால் அது காலி வண்டிதான். காலி வண்டிதான் ஒதுங்க வேண்டும். கேட்டவர்கள் பதில் சொல்வதில்லை. ஆளாளுக்குப் பதில் பேசினால் அடுத்தவன் சொல்லும் எண் காதில் விழாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"காலி வண்டி, நாலு," என்றாள் வெர்னா.

"ஏன் இவ்வளவு மெதுவா உருட்டறே?" என்று பின்னாலிருந்து தர்ல் கேட்டார். வயதில் எல்லோருக்கும் மூத்தவர், வாய் ஓயாத மனுஷர். "சவ ஊர்வலம் மாதிரி இருக்கு. அழறதுக்கு ஆள் இருக்கா, இல்ல நானே அழட்டுமா?"

"வாயைக் கழுவும்," என்றாள் ஓபல்.

ரேடியோ கரகரத்தது. ஓடெலின் குரல். அவன் லாரி ஓட்டுகிறவன். "ஏத்து வண்டி, ஒம்போது."

"காலி வண்டி, ஆறு. ஆறரை மைல்ல ஒதுங்கி நிக்கறேன்," என்றாள் வெர்னா. மைக்கை அழுத்தும்போது சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது.

ஆறரையில் ஒதுங்குவதற்கு இடமே இல்லை. இரவு மழையில் மலை சரிந்து சேறும் வேருமாக அந்த இடத்தை மூடியிருந்தது. வெர்னா பிரேக்கை மிதித்தாள். "ஓடெல், ஆறரையில மண்ணு சரிஞ்சிருக்கு. கொஞ்சம் நிறுத்து. நான் பின்னால போகணும்."

ரேடியோவில் வேறொரு குரல் வந்தது. ஓடெலுக்குப் பின்னால் வரும் லாரிக்காரன். "ஓடெல், கீழே யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்லப்பா. கன்னு நடறவங்க இன்னும் போத்திக்கிட்டுத் தூங்கறாங்க போல. நான் விட்டு அடிக்கறேன். இன்னும் மூணு நடை போனாத்தான் இன்னிக்குக் கட்டும். ஏத்து வண்டி, எட்டு."

வெர்னா மைக்கை நெரித்தாள். "ஓடெல்! நான் இங்கதான் இருக்கேன்! ஆறரையில! ஓடெல்!"

"அண்ணி, அவனுக்குக் கேக்கல," என்றாள் ஓபல் மெல்ல. "நீ பேசறது யாருக்குமே கேக்கல."

வெர்னா மைக்கைப் போட்டுவிட்டு ரிவர்ஸ் கியரைத் தள்ளினாள். பின்கண்ணாடி முழுக்கப் பனி. ஓபல் ஒரு ஜன்னலிலும் தர்ல் மறு ஜன்னலிலும் இடுப்புவரை வெளியே தொங்கினார்கள்.

"நேரா வா! நேரா! ஐயோ, என் பக்கம் பள்ளம், ஒடி, ஒடி!" தர்லின் குரலில் இப்போது கேலி இல்லை.

"ஏத்து வண்டி, ஏழு," என்றது ரேடியோ, தெள்ளத்தெளிவாக.

மலையோரம் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரிடத்தில் சற்று அகன்றிருந்தது. "அண்ணி, இங்க சொருகு!" என்று ஓபல் அலறினாள். வெர்னா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். ஜீப் பின்பக்கமாக வாய்க்காலில் இறங்கி மலையில் மோதிச் சாய்ந்து நின்றது. ஓபலும் தர்லும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கன்றுப் பைகள் சரிந்து எல்லோர் மேலும் விழுந்தன. மேலே வளைவில் லாரியின் உறுமல் கேட்டது. பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள், அப்புறம் மரங்கள், மரங்கள், மரங்கள். மரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளைத்துண்டு ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"அடப்பாவி, என்னது அது!" என்று ரேடியோவில் ஓடெல் கத்தினான். "வாய்க்கால்ல ஒரு வண்டி நிக்குது! ரேடியோ இல்லாம ஏறி வந்திருக்கான் எவனோ. சாகறதுன்னா வீட்டுல சாக வேண்டியதுதானே!"

"நான் கூப்பிட்டேனே, ஓடெல்," என்று வெர்னா மைக்கில் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அது தெரிந்தும் மறுபடி சொன்னாள். "கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

இரண்டாவது லாரியும் போன பிறகு, எல்லோரும் இறங்கித் தள்ளி ஜீப்பைப் பாதைக்கு ஏற்றினார்கள். லாரியின் வாலைப் பிடித்தபடியே கேட்டுக்கு இறங்கினார்கள்.

கேட்டருகே கார்லண்ட் தன் பிக்கப்பில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான். பஸ்ஸின் நீள ஆன்டெனா அதன் கூரைமேல் ஆடிக்கொண்டிருந்தது. வெர்னா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை ஜன்னலைப் பாதிதான் இறக்கியிருந்தான்.

"ரேடியோ வேலை செய்யுதுன்னு நீதானே சொன்னே?"

"வாசல்ல வச்சுப் பாத்தோம். கேட்டுச்சு."

"வாசல்ல ரேடியோ இல்லாமக் கத்தினாலும் கேக்கும்," என்றார் தர்ல். அவர் ஜீப்பின் கூரை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிடிக்கு அடியிலிருந்து ரப்பர்த் துண்டை இழுத்து எடுத்தார். "இது யார் வச்சது?"

"நான்தான். தகரம் இத்துப்போகாம இருக்கட்டும்னு..."

தர்ல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வெர்னாவுக்கு. "பிடி வெறும் இரும்பைக் கடிக்கணும், பொண்ணே. இல்லேன்னா ஊர்ப் பேச்செல்லாம் உள்ள வரும், உன் பேச்சு வெளிய போகாது. அப்படி வழியில்லாம மைக்கை அழுத்திக்கிட்டே இருந்தா ரேடியோ உள்ள கருகியும் போயிரும்."

"கருகியிருக்குமா?"

"தெரியல. வெளக்கு மட்டும் எப்பவும் போல எரியும்."

வெர்னா கத்தியால் விளிம்பைச் சுரண்டினாள். பெயின்ட் போய், துரு போய், நகத்தளவு இடம் வெள்ளையாக மின்னியது. அதன்மேல் பிடியை வைத்துக் கை வலிக்க முறுக்கினாள்.

"ஆச்சில்ல? கெளம்பு," என்றான் கார்லண்ட். "பையில கன்னு சூடேறுது. செத்த கன்னுக்குக் கம்பெனிக்காரன் எங்கிட்டத்தான் வந்து நிப்பான்."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்க ரேடியோவைக் குடுங்களேன். இதுல மாட்டிக்கறேன்."

கார்லண்ட் சிரித்தான். "அதைக் குடுத்துட்டா நீ பேசறதை நான் எதுல கேக்கறது?"

ஹாலிஸ் என்கிற நெட்டை மனிதன் தன் மண்வெட்டியைத் தோளில் போட்டான். "நான் வரல," என்றான்.

"ரொம்ப சந்தோஷம். நாளைக்கும் வராதே."

ஹாலிஸ் மழையில் இறங்கி நடந்தான். மற்றவர்கள் அவன் முதுகையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஜீப்பில் ஏறினார்கள். ஓபலும் ஏறினாள். வெர்னா மட்டும் பிக்கப்பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாவது மைல்ல நிறுத்திக் கூப்பிடறேன். ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லுங்க. கேட்டுச்சுன்னு மட்டும். கேட்டாத்தான் நான் மேல போவேன்."

"சரி சரி, சொல்றேன். போ."

இரண்டாவது மைல் பலகை பக்கத்தில் நல்ல ஒதுங்குமிடம் உண்டு. பாதை வளைந்து வளைந்து ஏறுவதால் கேட் அங்கிருந்து நேர் கீழேதான்; மரங்களை மொட்டையாக வெட்டியிருப்பதால் நன்றாகவே தெரியும். பனியும் சற்று விலகியிருந்தது. வெர்னா வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்தாள்.

"காலி வண்டி, ரெண்டு. கார்லண்ட், கேக்குதா?"

கரகரப்பு மட்டும் வந்தது.

"கார்லண்ட், ரெண்டாவது மைல்ல நிக்கறேன். கேக்குதான்னு சொல்லுங்க."

"ஏத்து வண்டி, ஒம்போது," என்றது மேலிருந்து ஒரு புதுக் குரல்.

ஓபல் ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். "அண்ணி, கீழ பாரு."

பிக்கப்பின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. நீள ஆன்டெனா காற்றில் ஆடியது. கார்லண்ட் சற்றுத் தள்ளிக் கம்பெனிக்காரனுடைய வண்டியின் தூக்கிய பின்கதவுக்கு அடியில், மழைக்கு ஒதுங்கி, கையில் காபிக் கோப்பையோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

தர்ல் ஹாரனை எட்டி அழுத்தினார். கார்லண்ட் திரும்பினான். ஜீப் நிற்பதைப் பார்த்தான். ஏன் நிற்கிறாய், போ போ என்று கோப்பை பிடித்த கையாலேயே மேல்நோக்கி வீசிக் காட்டினான்.

"ஏத்து வண்டி, எட்டு."

வெர்னா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். லொய்டின் கட்டில் நினைவுக்கு வந்தது. கியரைப் போட்டாள். மைக்கை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது.

"காலி வண்டி, ரெண்டு," என்றாள். "மேல வர்றேன்."

உள்ளே ஆறு பேரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.