மூச்சுத் திணறிய லேப்டாப்

என் லேப்டாப் ஒரு நாளைக்கு நான்கு முறை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. திறந்தால் ஒழுங்காகத்தான் எழுந்திருக்கும். அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக வேலை பார்க்கும். அப்புறம் அடுப்பில் வைத்த தட்டு மாதிரி சூடேறி, உள்ளே ஏதோ உறுமி, பட்டென்று அணைந்துவிடும். அணைகிற நேரத்தையும் பாருங்கள். கட்டத்தின் கடைசி மூலையில் நான் ஒரு சொல்லுக்குத் தவித்துக்கொண்டிருப்பேன், அப்போதுதான் அணையும்.

நான் குறுக்கெழுத்து போடுகிறவன். ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவன். அங்கேயும் கட்டம், இங்கேயும் கட்டம். எங்கள் ஊரான கிகிந்தாவில் வெளிவரும் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் இருபத்தாறு வருடமாக என்னுடையது. முதல் பக்கத்தில் எந்தத் தலைவர் என்ன சொன்னார் என்று யாரும் சீண்டுவதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் தப்பாக இருந்தால் மட்டும், சந்தையில் மீன் விற்கிறவன்கூட என் சைக்கிளைப் பிடித்து நிறுத்திக் கேட்பான்.

"தூக்கிப் போடு அதை," என்றாள் என் மனைவி ஸ்தமெனா.

செப்டம்பர் மாதம். தெரு முழுக்க முற்றத்துக்கு முற்றம் தகர அடுப்பு வைத்துச் சிவப்புக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்கு அதை அரைத்து அய்வர் என்கிற துவையல் கிளறி ஜாடியில் அடைக்காத வீடு எங்கள் ஊரில் வீடே அல்ல. ஸ்தமெனாவும் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து மிளகாயைப் புரட்டிக்கொண்டே என்னையும் புரட்டி எடுத்தாள்.

"பத்து வருஷம் ஆச்சு அதுக்கு. நாய்கூட அவ்வளவு நாள் உழைக்காது."

"நான் உன்கிட்ட நாப்பது வருஷமா உழைக்கிறேன். என்னையும் தூக்கிப் போடேன்."

"உன்னை யாரு எடுத்துப்பா? அதான் வச்சிருக்கேன்."

கடை விளம்பரத் தாளில் வெள்ளி நிறத்தில் ஒரு புது லேப்டாப்பைப் பேனாவால் வட்டமிட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பால் எடுக்கப் போனாலும் அது என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. எனக்குப் புதுசு பிடிக்காது என்பதல்ல விஷயம். என்னோடு ரயில்வேயில் இருந்த ராதிவோய், கனடாவுக்குக் குடிபோகும் முன்னால் எனக்கென்று எழுதிக் கொடுத்த குறுக்கெழுத்து நிரல் இந்தப் பழைய மிஷினில்தான் ஓடும். புதியதில் ஓடவே ஓடாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அது இல்லாவிட்டால் ஸ்கேலும் பென்சிலும் வைத்துக் கோடு போட வேண்டும். என் கண் இருக்கிற இருப்புக்கு மூன்று வாரம் தாங்காது. லேப்டாப் போனால் கடைசிப் பக்கமும் போச்சு. இதை அவளிடம் பத்து தடவை சொல்லிவிட்டேன்.

"சரி, உக்லியேஷாகிட்ட கொண்டு போ," என்றாள் கடைசியில். "அவன் தேறாதுன்னு சொல்லிட்டா சனிக்கிழமை கடைக்குப் போறோம். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

உக்லியேஷாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு அது செருப்புக்கடை. பலகையில் இன்னும் ஒரு பூட்ஸ் படம் இருக்கும். ஆளுக்கு நாற்பது வயது. தாடியில் எப்போதும் ரொட்டித் தூள். கை மட்டும் சுத்தமோ சுத்தம். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினான். அடிமூடியைத் தூக்கியவன், "அய்யய்யோ!" என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். "போச்சா?"

"மாமா, வீட்டுல பூனை வளர்க்கறீங்களா?"

"இல்லையே."

"ஆடு?"

"டேய், விஷயத்தைச் சொல்லுடா."

இடுக்கியால் விசிறியின் வாயிலிருந்து எதையோ பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. கம்பளித் துண்டு மாதிரி திண்ணென்று அமுங்கிய பஞ்சு. விளக்கடியில் வைத்து விரித்தான். வெண்ணெய் நிறப் பஞ்சு, நடுநடுவே செர்ரிச் சிவப்பில் இழைகள்.

"இந்த மிஷினை எது மேல வைப்பீங்க?" என்று கேட்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் ரொட்டிக்கடை வாசலில் பனியில் வழுக்கி விழுந்து ஸ்தமெனாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஒரு கரண்டியைப் பிடிக்க முடியாமல் அவள் சமையலறையில் நின்ற நிற்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கையை வேலை வாங்குங்கள் என்றார் டாக்டர். எடுத்தாள் குரோஷா ஊசியை. பின்னுவாள், பிரிப்பாள், அழுவாள், ஊசியைச் சுவரில் எறிவாள், பொறுக்கிவரச் சொல்லி என்னைத் திட்டுவாள். ஜனவரியில் தொடங்கி ஈஸ்டருக்குத்தான் முடித்தாள், ஒரே ஒரு விரிப்பு. எங்கள் வீட்டில் டிவிக்கு அடியில் ஒரு விரிப்பு உண்டு, ரேடியோவுக்கு உண்டு, டெலிபோனுக்கு உண்டு. லேப்டாப் மட்டும் அநாதை மாதிரி வெறும் மேசையில் கிடக்கிறது என்று அவளுக்கு மனத்தாங்கல். அதற்காகப் பின்னியதுதான் அது.

வெறும் விரிப்போடு விட்டாளா? இரண்டு பக்கமும் சிவப்பு நூலில் கரை எடுத்து, மேலே மடிந்து நிற்கிற மாதிரி வைத்தாள். எதற்கு? லேப்டாப்பின் பக்கத்து ஓட்டையிலிருந்து காற்று வருகிறதாம். குறுக்குக்காற்று என்றால் எங்கள் ஊரில் காலராவுக்குப் பயப்படுவது போலப் பயப்படுவார்கள். "அந்தக் காத்து நேரா உன் மணிக்கட்டுலயே அடிக்குது," என்றாள். "இந்த வீட்டுல ஒரு மணிக்கட்டு போனது போதும்." ஒரு மூலை கோணலாக இருந்தது. பின்னல் சில இடத்தில் தொளதொளவென்று இருந்தது. அதை அவள் மேசையில் விரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு, அதன்மேல் அடுப்பையே வைத்திருப்பேன்.

உக்லியேஷாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பின்னல் விரிப்பு," என்றேன்.

"அதானே பார்த்தேன்! எங்கம்மா ஃபோன் சார்ஜருக்கே சட்டை பின்னிப் போட்டிருக்கா," என்று சிரித்தான். "மிஷினுக்கு ஒரு குறையும் இல்ல மாமா. மூக்கைப் பொத்தினா யாருக்குத்தான் உயிர் நிக்கும்? சுத்தம் பண்ணிச் சூடு தணிக்கிற புதுப் பசை வச்சுத் தரேன். வெறும் பலகை மேல வைங்க, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். திரும்ப அந்தத் துணி மேல வச்சீங்க, ஒரு மாசத்துல மொத்தமா கருகிடும். புதுசு வாங்கினாலும் அதே கதிதான், சொல்லிட்டேன்."

"சரி."

"அத்தைகிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லாம?" என்றேன், பெரிய வீரன் மாதிரி.

சைக்கிள் கூடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வழியெல்லாம் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன். 'விரிப்பு அருமைதான், ஆனா...' வேண்டாம். 'உன்மேல தப்பில்ல...' ஐயோ, அப்படி ஆரம்பித்தாலே தப்பு அவள்மேல் என்றாகிவிடும். சொன்னால் அவள் மனசு உடையும். அந்தக் கை முதன்முதலில் செய்து முடித்த பொருள் அது. சொல்லாவிட்டால் லேப்டாப் கருகும், கடைசிப் பக்கம் போகும். இருபத்தாறு வருடம் ஊருக்கே விடை கொடுத்தவன், இதற்கு ஒரு விடை தெரியாமல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

ஸ்தமெனா சுட்ட மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பத்து உரித்ததும் வலது கையைக் கொஞ்சம் மடியில் வைத்து ஓய்வு கொடுத்தாள். பிறகு மறுபடி எடுத்தாள். அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"என்னவாம்?" என்றாள்.

"சிகரெட் புகை," என்றது என் வாய்.

"என்னது?"

"புகை உள்ள போய்ப் படிஞ்சு... விசிறி அடைச்சுப் போச்சாம். சுத்தம் பண்ணிட்டான். மிஷின் நல்லா இருக்கு. புதுசு வேண்டாம்."

அவள் என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "நாப்பது வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன்! என் நெஞ்சைக் கெடுத்த, திரைச்சீலையைக் கெடுத்த, இப்ப அந்த வாயில்லாத மிஷினையும் கெடுத்துட்டியா? இன்னையிலருந்து வீட்டுக்குள்ள ஒரு சிகரெட் பத்த வச்ச, அடுப்புல உன்னையும் சேர்த்துச் சுட்டுருவேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இருந்தாலும் இது பாதிக் கிணறுதான். உள்ளே போனால் அந்த விரிப்பு மேசையில் கிடக்குமே, அதை என்ன செய்வது? பயந்துகொண்டே உள்ளே போனேன். மேசை காலியாக இருந்தது.

"விரிப்பு எங்க?" என்றேன்.

"துவைக்கப் போட்டிருக்கேன். காயுற வரைக்கும் ரொட்டி நறுக்கற பலகை மேல வை."

கடவுளுக்கு நான் அவ்வளவு மனமார நன்றி சொல்லிப் பல வருடம் ஆகிறது.

பதினோரு நாள். லேப்டாப் ஒரு தடவைகூட அணையவில்லை. இரண்டு வாரக் கட்டங்களை ஒரே மூச்சில் முடித்தேன். புகைக்க மட்டும் முற்றத்துக்குப் போனேன். நடுவில் நான்கு நாள் விடாமல் மழை. விறகுக் கொட்டகையின் ஓரத்தில், ஒரு தோள் நனைய, மற்றது காய நின்று புகைத்தேன். ஸ்தமெனா சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். அக்காவிடம் தொலைபேசியில், "புகையாலதானாம்," என்று ராகம் போட்டுச் சொன்னாள். விரிப்பு மட்டும் காயவே இல்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. என் பொய்யைப் பாவம் அவள் நம்பிவிட்டாளே என்று ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடைசி மிளகாய் மூட்டை. இருவருமாக உட்கார்ந்து தோல் உரித்தோம். அவள் எனக்கு ஒரு கோப்பை ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச்சாராயம், ஊற்றிக் கொடுத்தாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் உளறிவிட்டேன்.

"ஸ்தமெனா. அது புகை இல்ல."

"தெரியும்," என்றாள், மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தெரியும்?"

"விரிப்புதான்னு தெரியும். நீ சந்தையைத் தாண்டறதுக்குள்ள உக்லியேஷா ஃபோன் பண்ணிட்டான். 'மாமா மூஞ்சியைப் பார்த்தா உங்ககிட்ட சொல்ல மாட்டார்னு தோணுது அத்தை, மிஷின் பாழாயிடும், நீங்களே எடுத்துடுங்க'ன்னான்."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. "பதினோரு நாள்! மழையில நாய் மாதிரி நின்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அடிப்பாவி!"

அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் ஃபோனை வச்சதும் நான் அழுதேன், ரடோய்கோ. இந்தக் கையால ஆனதே அது ஒண்ணுதான், அதுவும் உன் பிழைப்பைக் கெடுக்கத்தானான்னு அழுதேன். எடுத்து மடிச்சு அலமாரியில வச்சுட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம் நீ வந்த. முழிச்சுக்கிட்டு நின்ன. 'புகை'ன்ன." தோள் குலுங்க மறுபடி சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "அழுகை அப்படியே போயிடுச்சு. தினமும் நீ வெளிய போய் நிக்கறதை ஜன்னல்ல பார்த்தேன். இவன் எனக்காகத்தான் நிக்கறான்னு நினைச்சுக்குவேன். நல்லா இருந்தது. அதான் சொல்லல."

எனக்குத் திட்ட வேண்டும் என்று இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டு கையிலும் மிளகாய்க் கரி. பிசுபிசுத்த அந்தக் கையோடேயே அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் மடங்கி என் கையை இறுக்கின.

"சரி, இனிமே வீட்டுக்குள்ளயே பிடி," என்றாள். "தண்டனை முடிஞ்சுது."

ஜாடிகளைத் துடைத்து அடுக்கிவிட்டுச் சிகரெட்டை எடுத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு விறகுக் கொட்டகை ஓரத்தில், அவளுக்கு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றேன்.