எடுக்கச் சொன்ன வீடியோ

உசிலம்பட்டிச் சந்தையில் ஆடு திருடியதாகச் சொல்லி, தமிழ்மாறனை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். காணாமல் போன ஆடு மறுநாளே தானாகத் திரும்பிவிட்டது. ஆனால் அடித்தவர்களில் ஒருவன் எடுத்த வீடியோ அதற்குள் குத்துப்பாட்டோடு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா ஜெயக்கொடியால் அதைப் பாதிகூடப் பார்க்க முடியவில்லை. ரிப்போர்ட் பட்டனை அழுத்தி, 'வன்முறை' என்று குறித்து அனுப்பினாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"ஒருத்தர் பண்ணா கண்டுக்க மாட்டாங்க. கூட்டமாப் பண்ணணும்" என்றாள் பக்கத்து இருக்கை தீப்தி.

ஜெயக்கொடி வெட்கத்தை விட்டு அலுவலக குரூப்பில் லிங்கைப் போட்டாள். 'என் தம்பிதான். எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்க.' அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள். கேன்டீனுக்குள் அவள் நுழைந்ததும் பாட்டுச் சத்தம் பட்டென்று நின்றது.

"நான் அப்பவே ரிப்போர்ட் பண்ணிட்டேம்மா" என்றார் கணக்குப் பிரிவு கிரிதர், போனைக் கவிழ்த்து வைத்தபடி.

ஒருவழியாக வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தம்பியை அழைத்துக்கொண்டு ஜெயக்கொடி காவல் நிலையம் போனாள்.

"வீடியோ எங்க?" என்றார் ஆய்வாளர்.

"ரிப்போர்ட் பண்ணி எடுக்க வச்சுட்டோம் சார்."

"நல்லா எடுத்தீங்க. அடிச்சவய்ங்க, பையன் பைக்கிலருந்து விழுந்தான்கிறாய்ங்க. சந்தையில ஒருத்தனும் பாக்கலையாம். நான் எதை வச்சு கேஸ் போட?"

வெளியே வந்ததும் தமிழ்மாறன் கேட்டான்: "உன்கிட்ட இல்லையாக்கா?"

"பாக்கவே முடியலடா. எப்படி வச்சுக்குவேன்?"

"எம்புட்டுப் பேரு பாத்தாங்க. ஒருத்தர்கிட்டகூடவா இருக்காது?"

மறுநாள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றாள். எல்லோரும் அப்போதே அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கிரிதர் மட்டும் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அப்பவே சேவ் பண்ணி எங்க பிரண்ட்ஸ் குரூப்புல போட்டேன். அதுல கிடக்கும்."

தேடி எடுத்து நீட்டினார். வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக நின்றன.

"முழுசா இருக்கா சார்?"

"நீயே பாத்துக்கோ."

பார்த்தாள். தம்பி "யக்கா, யக்கா" என்று கத்துவது பாட்டையும் மீறிக் கேட்டது. முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள்.

அன்றே வழக்குப் பதிவானது. மறுநாள் கேன்டீனில் கிரிதர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் மட்டும் சேவ் பண்ணலைன்னா கேஸே கிடையாது. இல்லம்மா?"

ஜெயக்கொடி தலையாட்டினாள்.